அண்ணாச்சியின் தராசு

தில்லியில் மே மாதத்து வெயில் காலை எட்டு மணிக்கே சுவர்களைச் சுடவைத்துவிடும். பத்து மணிக்கு மேல் 'லூ' என்று வடநாட்டார் அழைக்கும் அனல்காற்று வீசத் தொடங்கும். நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டிகளும் தெருமுனையில் விற்கும் மண்குடங்களும் ஒரு காலத்தில் இந்நகரத்துக் கோடையைத் தாங்கக்கூடியதாக ஆக்கின. இன்று அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு குளிர்சாதனக் கருவியின்மேல் விழுந்திருக்கிறது. அது பழுதுபட்டால் வீடே தவித்துப்போகிறது.

அத்தகைய ஒரு நாளில், இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடிக்குத் தந்தையும் மகனுமாக இருவர் படியேறினர். தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்குள்ள தமிழர்களுக்கு அவர் 'அண்ணாச்சி'. மற்றவர்களுக்கு 'பாயீ சாப்'. மகன் ஒன்பதாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டுக் கோடை விடுமுறையில் தந்தைக்குத் துணையாக வந்திருந்தான். அண்ணாச்சியின் தோளில் கருவிப் பை தொங்கியது. மகனோ இரு கைகளாலும் ஒரு தராசைப் பிடித்திருந்தான். மளிகைக் கடைத் தராசைப்போலத் தட்டையான மின்னணுத் தராசு அது. ஏசி பழுதுபார்க்க வருபவர்களுக்குத் தராசு எதற்கு என்று கீழ்வீட்டுக் காவலாளி கேட்டார். அண்ணாச்சி புன்னகைத்துவிட்டு ஏறிப்போனார்.

கதவைத் திறந்த அம்மையார் மிகவும் களைத்திருந்தார். அவருடைய மாமியார் எண்பது வயதைக் கடந்தவர். கும்பகோணத்திலிருந்து பத்து நாள்களுக்கு முன்புதான் வந்திருந்தார். குளிர்சாதனம் உள்ள ஒரே அறையில் அவரைப் படுக்கவைத்திருந்தனர். அறையோ உலைபோல் இருந்தது.

"அண்ணாச்சி, சென்ற ஆண்டு மே மாதம் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை கேஸ் போட்டார்கள். இப்போது மறுபடியும் தீர்ந்துவிட்டது. சீக்கிரம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பாட்டியால் தாங்க முடியவில்லை" என்றார் அம்மையார்.

"பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா" என்றார் அண்ணாச்சி.

'கேஸ் தீர்ந்துவிட்டது' என்னும் சொற்றொடர் இந்தியா முழுவதும் கோடைக்காலத்தில் வழங்குகிறது. அடுப்பு எரிவாயு தீர்வதைப்போல, வண்டியின் பெட்ரோல் தீர்வதைப்போல, ஏசியின் வாயுவும் தீரும் என்று பலர் நம்புகின்றனர். உண்மை வேறு. குளிர்சாதனத்தில் உள்ள வாயு எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் குழாய்ச்சுருளில் அது நீர்ம நிலையிலிருந்து கொதித்து ஆவியாகும். ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெளியில் இருக்கும் பெட்டியில் கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, அது அங்குள்ள சுருளில் தன் வெப்பத்தை வெளிக்காற்றிடம் விட்டுவிட்டு மறுபடியும் நீர்மமாகும். பிறகு கேபிலரி என்னும் மெல்லிய குழாய் வழியே அழுத்தம் குறைந்து மீண்டும் அறைக்குள் போகும். மண்குடத்துத் தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குடத்தைக் குளிர்விக்கிறதே, அதே வேலைதான். குடத்தில் ஆவியான நீர் போனது போனதுதான். இங்கே ஆவியைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே வேறுபாடு. எங்கும் கசிவு இல்லையென்றால் தொழிற்சாலையில் நிரப்பிய அளவு கருவியின் ஆயுள் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும்.

ஆகவே ஒரே ஆண்டில் இருமுறை தீர்ந்தது என்றால், ஒன்று பெரிய கசிவு இருக்க வேண்டும். அல்லது தீரவே இல்லை என்றாக வேண்டும்.

வெளிப்பெட்டி பால்கனியில் இருந்தது. அதனுள் நுழையும் தடித்த குழாயின்மேல் வெண்பனி படிந்திருந்தது. நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில் பனி! மகனுக்கு வியப்பாக இருந்தது. அண்ணாச்சி அழுத்தமானியைப் பொருத்தினார். தொழிலாளர் இதனைக் 'கேஜ்' என்பர். முள் 53 பி.எஸ்.ஐ.யில் நின்றது.

"அறுபதுக்கு மேல் இருக்க வேண்டுமே! கேஸ் குறைவுதான் அப்பா" என்றான் மகன், அம்மையாரின் காதில் விழும்படியே.

"நான் சொன்னேன் அல்லவா?" என்றார் அவர்.

அண்ணாச்சி மகனைக் கடிந்துகொள்ளவில்லை. பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் கொடுத்து, பனியைத் துடைத்துவிட்டு அதன் முனையைத் தடித்த குழாயோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். வெளிக்காற்றின் வெப்பம் படாதபடி அதன்மேல் பஞ்சுறை சுற்றச் சொன்னார். சிறிது நேரத்தில் அது 0 டிகிரி காட்டியது.

இங்கேதான் இத்தொழிலின் நுட்பம் இருக்கிறது. தண்ணீர் எப்போதும் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்று எண்ணுவது தவறு. உதகமண்டலத்தில் அதற்குக் குறைவான வெப்பத்திலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். குளிரூட்டும் வாயுக்களுக்கும் இதே விதிதான். அந்த வீட்டுக் கருவியில் இருந்தது ஆர்-22 என்னும் வாயு. திறந்த வெளியின் அழுத்தத்தில் அது பூச்சியத்துக்குக் கீழே 41 டிகிரியில் கொதித்துவிடும். அழுத்தமானியில் 53 பி.எஸ்.ஐ. காட்டும்போது அதன் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 2 டிகிரி. அழுத்தமானியின் முகத்திலேயே உட்புற வட்டமாக இந்தக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். ஆனாலும் பலர் வெளி வட்டத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் போய்விடுகின்றனர்.

"கொதிநிலை மைனஸ் இரண்டு. குழாய் பூச்சியம். வேறுபாடு எவ்வளவு?" என்று கேட்டார் தந்தை.

"இரண்டு."

"கேஸ் குறைவாக இருந்தால் உள்ளே என்ன நடக்கும்? யோசித்துச் சொல்."

மகன் யோசித்தான். வாயு குறைவாக இருந்தால், அறைக்குள் இருக்கும் சுருளின் பாதி வழியிலேயே நீர்மம் முழுவதும் கொதித்து முடிந்துவிடும். மீதி வழியில் வெறும் ஆவி மட்டும் போகும். அந்த ஆவி அறையின் வெப்பத்தை வாங்கிச் சூடேறிக்கொண்டே வரும். வெளிப்பெட்டிக்கு வந்துசேரும்போது அது கொதிநிலையைவிடப் பதினைந்து, இருபது டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே இரண்டே டிகிரிதான்.

"அப்படியானால் நீர்மம் கொதித்து முடியாமலேயே வந்துகொண்டிருக்கிறது" என்றான் மெதுவாக.

"ஏன் முடியவில்லை?"

"கொதிப்பதற்கு வெப்பம் கிடைக்கவில்லை."

"வெப்பம் எங்கிருந்து வர வேண்டும்?"

"அறையின் காற்றிலிருந்து."

"அப்படியானால் உள்ளே போ. பால்கனியில் நமக்கு வேலை இல்லை" என்றார் அண்ணாச்சி.

அழுத்தம் குறைந்திருப்பதற்கு வாயுக் குறைவும் காரணமாகலாம். காற்றோட்டக் குறைவும் காரணமாகலாம். முள்ளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதைப்போல என்று சொல்லலாம். வெப்பமானியை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதும் மருத்துவரை எவரும் நம்புவதில்லை. அழுத்தமானியை மட்டும் பார்த்துவிட்டு வாயு நிரப்புபவரை மட்டும் ஏனோ எல்லாரும் நம்புகின்றனர்.

அறைக்குள் இருந்த பெட்டியைத் திறந்தபோது அம்மையார் சற்றுக் கோபமாகவே பேசினார். "ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நானே கழுவுகிறேன். அதில் குற்றம் சொல்லாதீர்கள்."

அவர் சொன்னது உண்மையே. வடிகட்டி பளிச்சென்று இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் ஒரு சட்டம் உடைந்து, விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. அந்த வழியாகத் தில்லியின் மண்காற்று பல ஆண்டுகளாக உள்ளே புகுந்திருக்கிறது. சமையலறை பக்கத்திலேயே இருந்ததால் தாளிப்பின் எண்ணெய்ப் புகையும் கலந்திருக்கிறது. சுருளின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே சாம்பல்நிறக் கம்பளி விரித்தாற்போல் அழுக்கு அடைந்திருந்தது. காற்றைத் தள்ளும் உருளையின் ஒவ்வோர் இதழிலும் மண் அப்பியிருந்தது. உருளை சுழல்கிறது, ஓசையும் கேட்கிறது; காற்று மட்டும் வரவில்லை.

"இதனைக் கழுவி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் கேஸ் பற்றிப் பேச முடியும். அதுவரை பாட்டி இந்த அறையில் இருக்க வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பாட்டியின் முகத்தைப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது. கைத்தாங்கலாகப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

கழுவிய நீர் வாளியில் கறுப்பாக இறங்கியது. மூன்றாவது வாளியில்தான் தெளிந்தது. பிறகு கருவியை ஓட்டி, இருபது நிமிடம் காத்திருந்து, மறுபடியும் அழுத்தமானியைப் பார்த்தனர். இப்போது முள் 92-இல் நின்றது. கொதிநிலை ஏறக்குறைய 13 டிகிரி. குழாய் 14 டிகிரி. கம்ப்ரஸரின் அடிப்பகுதி வியர்த்திருந்தது. மின்கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் மின்னோட்டமானி 9.7 ஆம்பியர் காட்டியது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகட்டிலோ 7.8 என்று பொறித்திருந்தது.

மகன் தந்தையைப் பார்த்தான். காலையில் அவசரப்பட்டதை எண்ணி அவன் இப்போது வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சியே சொன்னார்: "காற்று ஒழுங்காக வந்ததும் உண்மை வெளியே வருகிறது. இதில் கேஸ் குறைவு இல்லை, அதிகம்."

நடந்தது இதுதான். அழுக்கால் காற்றோட்டம் குறைந்தது. அதனால் அழுத்தம் இறங்கியது. வந்தவர் முள்ளைப் பார்த்து, குறைவென்று முடிவுசெய்து வாயுவைச் சேர்த்தார். முள் ஏறியது. அறையும் சில நாள் சற்றுக் குளிர்ந்தது. அழுக்கு மேலும் அடைய, முள் மறுபடியும் இறங்கியது. அடுத்து வந்தவரும் அதையே செய்தார். கூடுதலாக நிரம்பிய நீர்மம் கொதிக்க இடமின்றிக் கம்ப்ரஸர் வரை வந்து சேர்ந்தது. ஆவியை அழுத்துவதற்காகச் செய்யப்பட்ட பொறி அது. நீர்மத்தை அதனால் அழுத்த முடியாது. இன்னும் சில வாரங்கள் இப்படியே ஓடியிருந்தால் அது உடைந்திருக்கும்.

ஆனால் எவ்வளவு அதிகம்? அதனை அழுத்தமானி சொல்லாது. மின்னோட்டமானியும் திட்டமாகச் சொல்லாது. தகட்டில் உள்ள 7.8 ஆம்பியர் என்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்த அளவு. 44 டிகிரி வெயிலில் சிறிது கூடத்தான் செய்யும். தகட்டில் இன்னோர் எண்ணும் இருந்தது. யாரும் அதனைப் படிப்பதில்லை. ஆர்-22, 1,150 கிராம். அளவு என்பது கடைசியில் எடைதான். அதற்காகத்தான் தராசு.

மகன் தந்தையின் அருகில் சென்று தணிந்த குரலில் கேட்டான்: "அப்பா, வால்வைக் கொஞ்சம் திறந்து கூடுதலாக இருப்பதை வெளியே விட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே? பாட்டி காத்துக்கொண்டிருக்கிறாரே."

அவன் கேட்டதில் தவறில்லை. பலர் அப்படித்தான் செய்கின்றனர். அண்ணாச்சியும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவர்தாம். பிறகு ஓசோன் பாதுகாப்புக்காகப் பழுதுபார்ப்பவர்களுக்கு நடத்தப்பட்ட பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டார். குளிர்சாதனங்களில் பயன்பட்ட குளோரின் கலந்த வாயுக்கள் வானில் உயர்ந்து ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் இரு அறிவியலறிஞர்கள் 1974-இல் எடுத்துரைத்ததையும், உலக நாடுகள் 1987-இல் மாண்ட்ரியல் நகரில் கூடி அவற்றைக் கட்டுப்படுத்த உடன்பட்டதையும் அங்கேதான் அவர் அறிந்தார். ஆர்-22 பழைய வாயுக்களைவிடக் குறைவாகவே தீங்கு செய்யும். ஆனால் தீங்கற்றது அன்று. காற்றில் கலந்தால் புவியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு வலியது. ஒரு வீட்டைக் குளிர்விப்பதற்காக ஊரைச் சூடாக்குவது முறையன்று என்று அவருக்குத் தோன்றியது. அன்றுமுதல் அவர் வால்வைத் திறந்துவிடுவதில்லை. வாயுவை உறிஞ்சி உருளையில் சேமிக்கும் சிறு பொறி ஒன்றை, தனியாக வாங்க வசதியின்றி, வேறு மூன்று தொழிலாளர்களோடு பங்குபோட்டு வாங்கினார். அந்த வாரம் அது அவருடைய முறை.

வாயு முழுவதையும் உருளையில் ஏற்றி, உருளையைத் தராசில் வைத்தனர். முன்பு குறித்துவைத்த வெற்று உருளையின் எடையைக் கழித்தபோது 1,500 கிராம் வந்தது. 350 கிராம் கூடுதல்.

அம்மையாரின் முகம் மாறியது. "அப்படியானால் சென்ற ஆண்டு வந்தவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? கசிவே இல்லையா?"

"அப்படியும் உடனே சொல்லிவிட முடியாது அம்மா. அவர்கள் எழுநூறு கிராம் போட்டு, அதில் பாதி கசிந்து போயிருந்தாலும் இதே கணக்குத்தான் வரும். ரசீதில் எவ்வளவு போட்டதாக எழுதியிருக்கிறது?"

அம்மையார் தேடி எடுத்து வந்த இரு ரசீதுகளிலும் 'கேஸ் சார்ஜிங்' என்று மட்டுமே எழுதியிருந்தது. பணத்தின் அளவு இருந்தது. வாயுவின் அளவு இல்லை.

ஆகவே கசிவைத் தனியே சோதிக்க வேண்டியதாயிற்று. குழாய்களுக்குள் நைட்ரஜனை 250 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, வால்வை மூடி, முள் நின்ற இடத்தை மகன் எழுதுகோலால் குறித்தான். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை ஏற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெயோடு சேர்ந்து அது வெடித்துவிடும். அதனைச் செய்பவர்களின் பக்கத்தில் நிற்காதே என்று அண்ணாச்சி மகனை எச்சரித்தார். பிறகு குழாய் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சவர்க்கார நுரையைத் தடவினர். நுரை நுரையாகவே இருந்து காய்ந்தது. ஒரு குமிழியும் கிளம்பவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் முள் கோட்டைவிட்டு அசையவில்லை.

"கசிவு இல்லை அம்மா. இனித் தாராளமாகச் சொல்லலாம்" என்றார் அண்ணாச்சி.

"அப்படியானால் ஏமாற்றியவர்கள்தானே?"

"அளக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு வெற்றிட எந்திரத்தை ஓட்டினர். குழாய்க்குள் மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் அது இழுத்துவிடும். அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வந்துவிடும். குக்கரில் நடப்பதற்கு நேர்மாறு. வெற்றிடமானி 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கும்வரை எந்திரத்தை நிறுத்தக்கூடாது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டியிருந்தது. அம்மையார் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பால்கனியின் சிறிய நிழலில் அமர்ந்து இருவரும் குடித்தனர். அப்போது, எந்திரத்தின் இரைச்சலுக்கு இடையே, தந்தை மகனிடம் ஒரு பழைய செய்தியைச் சொன்னார்.

அவர் தில்லிக்கு வந்த புதிது. பத்தொன்பது வயது. கரோல்பாகில் ஒரு கடையில் உதவியாள். இந்தி சரியாக வராது. ஆனால் கைத்திறன் உண்டு என்று பெயரெடுத்திருந்தார். குழாயைத் தொட்டே வாயுவின் அளவைச் சொல்லிவிடுவார். அவரும் அதில் பெருமை கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு முதியவர் வீட்டுச் சன்னல் ஏசியைப் பார்க்கச் சென்றார். குழாயைத் தொட்டார், போதிய குளிர்ச்சி இல்லை. வாயுவை ஏற்றினார், குழாய் நன்றாகச் சில்லிட்டது. முதியவர் மகிழ்ந்து பத்து ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தார். பதினோராம் நாள் கம்ப்ரஸர் எரிந்துபோனது. மூத்த தொழிலாளி ஒருவர் வந்து வெளிப்பக்கத்தைத் திறந்து பார்த்தார். சுருளின் பின்னால் புறா கூடு கட்டியிருந்தது. வைக்கோலும் குச்சிகளும் அடைத்துக்கொண்டதால் வெப்பம் வெளியேற வழியில்லை. போதாதென்று, மேலும் வாயுவைத் திணித்ததால் அழுத்தம் தாங்காமல் பொறி வீழ்ந்தது. அந்தக் கூட்டை எடுத்திருந்தால் போதும். ஒரு கிராம் வாயுவும் தேவைப்பட்டிருக்காது.

புதிய கம்ப்ரஸரின் விலையைக் கடைக்காரர் ஒன்பது மாதம் அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அந்த ஒன்பது மாதமும் ஊருக்கு அனுப்பும் மணியார்டர் பாதியாகக் குறைந்தது. தில்லியில் விலைவாசி ஏறிவிட்டது என்று அவர் தாய்க்குக் கடிதம் எழுதினார். தாய் அதனை நம்பினாரா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"பாட்டியிடம் உண்மையைச் சொல்லவே இல்லையா அப்பா?" என்று கேட்டான் மகன்.

"இல்லை. அந்தப் பெரியவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்."

மகன் வெற்றிடமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தொட்டுப் பார்த்து அறியும் திறன் பொய் என்று சொல்லிவிட முடியாது. முப்பது ஆண்டு உழைத்த கை, குழாயைத் தொட்டதும் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. அண்ணாச்சி இன்றும் முதலில் தொட்டுத்தான் பார்க்கிறார். ஆனால் கை சொன்னதைக் கருவியிடம் கேட்டு உறுதிசெய்யாமல் ஸ்பேனரை எடுப்பதில்லை.

எந்திரத்தை நிறுத்தி, வெற்றிடம் நிலைத்து நிற்பதைப் பார்த்த பிறகு, உருளையைத் தராசின்மேல் நிறுத்தினர். தராசைப் பூச்சியமாக்கி வால்வைச் சிறிது திறந்தனர். வடிகட்டி உலர்த்தி வழியாக வாயு உள்ளே போகப் போகத் தராசின் எண் குறைந்துகொண்டே வந்தது. 1,100-க்குப் பிறகு அண்ணாச்சி வால்வை முடி அளவே திறந்து வைத்தார். 1,150-இல் மூடினார். குழாயின் நீளம் நிறுவனம் குறித்த அளவுக்குள் இருந்ததால் அதற்கென்று தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

கருவி ஓடத் தொடங்கிச் சிறிது நேரமானதும் மகன் ஒவ்வொன்றாகப் படித்தான். அழுத்தம் 70. கொதிநிலை 5 டிகிரி. குழாய் 13 டிகிரி. வேறுபாடு எட்டு. மின்னோட்டம் 8.4. அறையின் காற்று கருவிக்குள் நுழையும்போது 29 டிகிரியாகவும் வெளிவரும்போது 16 டிகிரியாகவும் இருந்தது. தடித்த குழாயில் பனி இல்லை. தண்ணீர்த் துளிகள் மட்டும் அரும்பியிருந்தன.

இந்தக் கணக்கு எல்லாக் கருவிகளுக்கும் அப்படியே பொருந்தாது. இன்று புதிதாக வரும் கருவிகளில் பெரும்பாலும் ஆர்-32 நிரப்பப்படுகிறது. அதன் அழுத்தம் ஆர்-22-ஐவிட மிகவும் கூடுதல்; சிறிதளவு தீப்பற்றும் தன்மையும் உண்டு. இன்வர்ட்டர் வகைக் கருவிகளிலோ கம்ப்ரஸரின் வேகமே மாறிக்கொண்டிருப்பதால் முள்ளைப் பார்த்துச் சொல்வது இன்னும் அரிது. அங்கெல்லாம் தராசை விட்டால் வேறு வழியே இல்லை.

மாலை ஐந்து மணிக்குப் பாட்டியை அழைத்துவந்தனர். அறைக்குள் நுழைந்ததும் பாட்டி கட்டிலில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளைகள் இருவரும் சாப்பிட்டார்களா?" என்று மருமகளிடம் கேட்டார். அண்ணாச்சிக்கு ஐம்பது வயதுக்கு மேலாகிவிட்டது. பிள்ளை என்று தம்மையும் சேர்த்துச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

கூலியைக் கணக்கிட்டபோது அண்ணாச்சி ஒரு தொகையைக் கழித்தார். அம்மையார் காரணம் கேட்டார்.

"முந்நூற்றைம்பது கிராம் கேஸ் என் உருளையில் இருக்கிறது. அது நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது. நான் இன்னோர் இடத்தில் அதைப் பயன்படுத்துவேன். அதனால் அதன் விலை உங்களுடையது."

புறப்படும் முன் மகன் ஒரு தாளில் நாள், வாயுவின் பெயர், எடை, அழுத்தம், வெப்பநிலை, மின்னோட்டம் ஆகியவற்றைத் தமிழில் அழகாக எழுதி, வெளிப்பெட்டியின் உட்புறத்தில் ஒட்டப் போனான். அண்ணாச்சி தடுத்தார்.

"அடுத்த முறை நாம் வருவோம் என்று என்ன நிச்சயம்? வருகிறவருக்குத் தமிழ் தெரிய வேண்டாமா? இந்தியிலும் எழுது."

மகன் கீழே அமர்ந்து இந்தியிலும் எழுதினான். முப்பது ஆண்டுகளாக இந்தி பேசும் தந்தைக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கி, எண்களை மட்டும் விரல்வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். 1,150 என்பதன்கீழ் ஒரு கோடு இழுத்தார். பிறகு தாளின்மேல் ஈரம் படாதபடி ஒளிபுகும் நாடாவை ஒட்டி, பெட்டியை மூடித் திருகினார்.

படியிறங்கும்போது கைப்பேசி ஒலித்தது. முனீர்க்காவிலிருந்து ஒருவர், ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். அண்ணாச்சி இந்தியில் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: வெளிப்பெட்டியின் பின்புறத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

தராசு இப்போதும் மகன் கையில்தான் இருந்தது.